கடல் புறா: கடற்கொள்ளையனும் கடாரத்து இளவரசியும்

கடல் புறா, சாண்டில்யன் எழுதிய வரலாற்றுப் புதினம். 1960களில் குமுதம் வார இதழில் தொடராக வெளிவந்தது. பின்னர் வானதி பதிப்பகத்தின் வழியாக மூன்று பாகங்களாக நூலாயிற்று. சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் இளம் வயதில் கடற்கொள்ளையனாக வாழ்ந்தான், கடாரத்து இளவரசி காஞ்சனா தேவியைக் காதலித்தான், பிறகு சோழப் பேரரசின் புகழ்பெற்ற தளபதி ஆனான் என்பது இதன் கதை. தமிழில் கடலைக் களமாகக் கொண்ட வரலாற்றுப் புதினங்களில் மிகுதியாக வாசிக்கப்பட்டவற்றுள் இது ஒன்று.

கருணாகரத் தொண்டைமான் உண்மையில் வாழ்ந்தவர். கடாரமும் உண்மை. சோழர் கடல் கடந்து படை நடத்தியதும் உண்மை. எனவே கொள்ளையனாக இருந்ததும் இளவரசியைக் காதலித்ததும் உண்மையே என்று நம்பும் வாசகர்கள் பலர் உண்டு. கதையையும் அதன் பின்னுள்ள வரலாற்றையும் தனித்தனியே விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர்

சாண்டில்யனின் இயற்பெயர் பாஷ்யம். 1910 நவம்பர் 10 அன்று திருக்கோவிலூரில் பிறந்தார். சுதேசமித்திரன் உள்ளிட்ட இதழ்களில் பணியாற்றினார். பின்னாளில் குமுதத்தில் எழுதிய தொடர்கள் வழியாகப் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றார். கன்னி மாடம், மலைவாசல், யவன ராணி, ராஜ முத்திரை, ஜலதீபம் முதலியவை இவருடைய பிற புதினங்கள். 1987-ல் காலமானார்.

1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வந்த பொன்னியின் செல்வன், சோழர் வரலாற்றை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்திருந்தது. அக்கதை பெரும்பாலும் காவிரிக்கரையிலும் அரண்மனைகளிலும் நடப்பது. சாண்டில்யன் அதே சோழர்களை அடுத்த தலைமுறைகளில் பிடித்து, வங்கக் கடலுக்கு அப்பால் அழைத்துச் சென்றார்.

கதைச் சுருக்கம்

கதை கலிங்கத்தின் பாலூர்ப் பெருந்துறையில் தொடங்குகிறது. தாலமி குறிப்பிடும் 'பலூரா' என்ற பழைய துறைமுகத்தை ஆய்வாளர்கள் ஒடிசாக் கரையில் உள்ள இவ்வூரோடு இணைத்துப் பேசுவர். வீரராசேந்திரச் சோழனின் தூதனாக அங்கு வரும் இளைஞன்தான் கருணாகரன். கதையில் அவனுக்கு இளையபல்லவன் என்ற பெயரும் உண்டு. கலிங்க மன்னன் பீமன் தமிழர்மீது பகை கொண்டிருக்கிறான். வீரர்கள் துரத்த, இளையபல்லவன் புகலிடம் தேடி நுழையும் மாளிகையில் கடாரத்து இளவரசி காஞ்சனா தேவியைச் சந்திக்கிறான். தன் தந்தை குணவர்மனின் அரசுரிமையை மீட்கச் சோழர் உதவியை நாடி வந்தவள் அவள். பின்னாளில் முதற் குலோத்துங்கனாக முடிசூடப்போகும் அநபாயன் இளையபல்லவனின் நண்பன்.

கலிங்கத்திலிருந்து தப்பும் இளையபல்லவன், அகூதா என்ற சீனக் கடற்கொள்ளைத் தலைவனிடம் கடற்போர் முறைகளைக் கற்றுக்கொள்கிறான். நண்பன் அமீர் என்ற அரபு வீரனும் உடன் இருக்கிறான். இரண்டாம் பாகத்தில் அவன் சொர்ணத் தீவின், அதாவது சுமத்திராவின், அட்சயமுனைக் கோட்டைக்குக் கொள்ளையன் என்ற பெயரோடு வருகிறான். அங்கே கோட்டைத் தலைவன் பலவர்மனின் மாளிகையில் மஞ்சளழகி அவன் வாழ்வில் குறுக்கிடுகிறாள். புறா வடிவில் கட்டப்பட்ட போர்க்கப்பலே கடல் புறா. அதைக்கொண்டு ஸ்ரீவிஜயத்தின் கடல் வலிமையை எதிர்ப்பதும், கடாரத்தை மீட்பதும் எஞ்சிய கதை.

காதலும் மனமாற்றமும்

கொள்ளையனை நேசிக்கும் உயர்குலப் பெண் தமிழுக்குப் புதியவள் அல்லள். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசியின் நாயகி பத்திரை, கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் கள்வனைக் கண்டு காதல் கொள்கிறாள். வணிகரான தந்தை அவனை மீட்டு மணம் செய்து வைக்கிறார். ஒருநாள் ஊடலின்போது அவள் விளையாட்டாக அவனைக் கள்வன் என்று சொல்லிவிட, அவன் அதை மனத்தில் வைத்துக்கொண்டு மலையுச்சிக்கு அழைத்துச் சென்று அவளைக் கொல்லப் பார்க்கிறான். இறப்பதற்கு முன் வலம்வந்து வணங்க வேண்டும் என்று கேட்டு, பின்புறம் சென்றதும் அவனை அவளே கீழே தள்ளிவிடுகிறாள். பிறகு துறவு பூண்டு பௌத்த நெறியில் சேர்கிறாள். காதல் ஒன்றே கள்வனைத் திருத்திவிடும் என்ற நம்பிக்கையை இக்கதை ஏற்கவில்லை.

கடல் புறாவின் நாயகன் வேறு வகை. அவன் பொருளாசையால் கொள்ளையன் ஆனவன் அல்லன். அவன் தொடக்கத்திலேயே அரசனின் தூதன். சூழ்நிலை அவனைக் கடலுக்குத் தள்ளுகிறது. அவன் யாரைத் தாக்குகிறான் என்பதும் எதற்காகத் தாக்குகிறான் என்பதும் வாசகருக்கு எப்போதும் தெரியும். ஆகவே இங்கே மனமாற்றம் என்பது தீயவன் நல்லவன் ஆவது அன்று. பெயர் கெட்டவன் பெயரை மீட்பது. காஞ்சனா தேவி அவனுக்கு அறிவுரை சொல்லித் திருத்துவதில்லை. நாடிழந்த அரச குடும்பத்துக்கு அவன் கொடுத்த வாக்கின் உருவமாக அவள் இருக்கிறாள். கொள்ளையர் நடுவே வாழ்ந்தாலும் அந்த வாக்கை அவன் காக்கிறானா என்பதே காதலின் சோதனை.

புதினத்தின் கவர்ச்சியும் குறையும் இதில்தான் இருக்கின்றன. நாயகன் மீது வாசகருக்கு ஐயம் எழுவதே இல்லை. அதனால் மூன்று பாகங்களையும் தயக்கமின்றி அவனோடு பயணம் செய்ய முடிகிறது. ஆனால் கொள்ளையிடப்பட்ட கப்பலில் இருந்த வணிகனின் நிலை என்ன, துடுப்புப் போட்டவன் கதி என்ன என்ற கேள்விகள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

அக்காலக் கடலும் கொள்ளையும்

11-ஆம் நூற்றாண்டில் கொள்ளையனுக்கும் காவலனுக்கும் இடையே இருந்த கோடு இன்று நாம் நினைப்பதுபோல் தெளிவானது அன்று.

தமிழகத்திலிருந்து சீனம் செல்லும் கப்பல்கள் மலாய் தீபகற்பத்துக்கும் சுமத்திராவுக்கும் இடையே சுமார் 800 கி.மீ. நீளமுள்ள மலாக்கா நீரிணையைக் கடக்க வேண்டும். கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். நீரிணையின் வடக்கு வாயிலில் உள்ளது. ஸ்ரீவிஜயத்தின் தலைநகர்ப் பகுதியான பலெம்பாங் தெற்கே சுமத்திராவில் உள்ளது. இந்த இரு முனைகளையும் கையில் வைத்திருந்தவர்கள் கடல் வணிகத்தையே கையில் வைத்திருந்தார்கள். காற்றின் பருவம் பார்த்தே கப்பல்கள் புறப்பட்டன. கடாரத்திலிருந்து நாகப்பட்டினம் வர முப்பது நாள் ஆனதாக 7-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி இத்சிங்கின் குறிப்பால் அறிகிறோம்.

சீனச் சுங்க அதிகாரி சாவ் ருகுவா 1225-ல் எழுதிய நூலில் ஸ்ரீவிஜயத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அத்துறைமுகத்துக்குள் வராமல் கடந்து செல்லும் வணிகக் கப்பலை அந்நாட்டுப் படகுகள் சூழ்ந்து தாக்கும் என்பது அது. வரி வாங்குவதும் வழிமறிப்பதும் இங்கே ஒரே கையால் நடந்தன. அரசன் ஆணையால் செய்தால் அது காவல்; ஆணையின்றிச் செய்தால் கொள்ளை.

கரையில் இருந்த அரசர்களும் இதற்கு விலக்கல்லர். ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244-ல் நிறுத்திய தூண் கல்வெட்டு, கடல் வணிகருக்கு அபயம் அளிக்கிறது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கிய கப்பல்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்துக்கொண்டதையும், தாம் உரிய தீர்வை தவிர எதையும் எடுப்பதில்லை என்பதையும் அது அறிவிக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மேற்குக் கரையின் கொள்ளையர்கள் மனைவி மக்களோடு கோடைக்காலம் முழுவதும் கடலிலேயே தங்கியதாக எழுதுகிறார். கொள்ளையன் என்றால் குடும்பம் அற்ற தனியன் என்பது கதைகள் தந்த படிமமே.

வணிகர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெரும் வணிகக் குழு அதற்கு எடுத்துக்காட்டு. சுமத்திராவின் பாருஸ் அருகே கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வரும் கப்பல் தலைவர்களும் பிறரும் அக்குழுவுக்குப் பொன்னால் செலுத்த வேண்டிய கட்டணத்தைக் குறிப்பிடுகிறது. புதினத்தில் இளையபல்லவன் உலவும் அதே காலத்தில், அதே தீவில், தமிழ் வணிகர்கள் தங்கி விதிமுறை வகுத்து வாழ்ந்ததற்கு இது சான்று.

வரலாற்றில் கடாரம்

முதலாம் இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கப்பற்படை அனுப்பிக் கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் வென்றான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம் முதலிய ஊர்களையும் நாடுகளையும் வரிசைப்படுத்துகிறது. மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார்.

புதினத்துக்கு மேலும் நெருக்கமானது அடுத்த நிகழ்ச்சி. வீரராசேந்திரனின் ஏழாம் ஆட்சியாண்டுப் பெரும்பேர்க் கல்வெட்டு, தன்னிடம் அடைக்கலம் புகுந்த மன்னனுக்காகக் கடாரத்தை வென்று அவனுக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கூறுகிறது. இது 1068-ஐ ஒட்டியது. அந்த மன்னன் பெயர் கல்வெட்டில் இல்லை. சாண்டில்யனின் குணவர்மனும் காஞ்சனா தேவியும் இந்த வெற்றிடத்தில் பிறந்தவர்கள் என்று கொள்ளலாம். உதவி கேட்டு வந்த ஓர் அரசன் இருந்தான் என்பது வரலாறு. அவனுக்கு ஒரு மகள் இருந்தாள், அவள் ஒரு கொள்ளையனைக் காதலித்தாள் என்பது கற்பனை.

பகைமை நீடிக்கவும் இல்லை. குலோத்துங்கனின் 20-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1090-ல், கடாரத்து அரசனின் தூதர்கள் வந்து நாகப்பட்டினத்தில் இருந்த பௌத்தப் பள்ளிகளின் நிலங்களுக்கு உரிமை கேட்டுப் பெற்றனர். லெய்டன் சிறிய செப்பேடு இதைத் தெரிவிக்கிறது.

அகூதா பற்றியும் ஒரு சொல். சீன வரலாற்றில் அகுதா என்று அறியப்படுபவர் 1115-ல் சின் அரச மரபை நிறுவிய சுர்சென் இனத் தலைவர். அவர் வடக்கே மஞ்சூரிய நிலத்தில் குதிரைப்படை நடத்தியவர். கடற்கொள்ளைத் தலைவர் அல்லர்.

வரலாற்றில் கருணாகரத் தொண்டைமான்

கருணாகரத் தொண்டைமானின் புகழுக்கு முதல் காரணம் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி. முதற் குலோத்துங்கனின் ஆணைப்படி படை நடத்திச் சென்று, கலிங்க வேந்தன் அனந்தவர்மன் சோடகங்கனைத் தோற்கடித்தவர் அவர். கலிங்கன் திறை செலுத்தத் தவறியதே போருக்குக் காரணம் என்பது பரணியின் கூற்று. போர் 1110-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடந்தது. அனந்தவர்மனின் தாய் இராசசுந்தரி சோழ இளவரசி என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பகைவர் இருவரும் உறவினரே.

அந்தப் படையெடுப்பு தரைவழியே, ஆறு பல கடந்து சென்றது. கருணாகரர் கப்பல் செலுத்தினார் என்றோ, கடற்கொள்ளையரோடு வாழ்ந்தார் என்றோ பரணியில் இல்லை. அவர் வண்டை நகருக்கு உரியவர் என்று பரணி சொல்கிறது. சோழநாட்டுத் திருநறையூர் நாட்டைச் சேர்ந்த வண்டாழஞ்சேரியே அந்த வண்டை.

இதை உறுதிப்படுத்துவது காஞ்சிபுரம் அருளாளப் பெருமாள் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு. குலோத்துங்கனின் 43-ஆம் ஆட்சியாண்டில், சுமார் 1113-ல், அக்கோயிலில் அணையா விளக்கு எரிக்கக் கொடை அளித்த ஒரு பெண்மணியை அது குறிப்பிடுகிறது. பெயர் அழகிய மணவாளனி மண்டையாழ்வார். வண்டாழஞ்சேரிக் கருணாகரனான தொண்டைமானாரின் தேவியார் அவர்.

கலிங்கப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அமைந்த கொடை இது. கணவர் போரிலிருந்து நலமாகத் திரும்பியதற்கு நன்றியாக ஏற்றிய விளக்கா, வழக்கமான திருப்பணியா என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் தளபதியின் இல்லத்தரசி ஒருவர் தம் பெயரில் கொடை அளித்தார், அப்பெயர் கணவர் பெயரோடு கல்லில் பொறிக்கப்பட்டது என்பது உறுதி. காஞ்சனா தேவியின் பெயரைத் தம் பெண் குழந்தைக்குச் சூட்ட நினைக்கும் வாசகர் பலருக்கும் இந்தப் பெயர் தெரியாது. கதையின் நாயகியை மறக்க வேண்டியதில்லை. கல்லில் இருப்பவரையும் தெரிந்துகொள்வது நலம்.

பிற நாட்டுக் கதைகளும் மனிதர்களும்

பெயர் மீண்ட கொள்ளையன் உலக இலக்கியத்தில் பழகிய பாத்திரம். ரஃபேல் சபாட்டினி 1922-ல் எழுதிய 'கேப்டன் பிளட்' நாவலில், கலகக்காரருக்குச் சிகிச்சை செய்த குற்றத்துக்காக மருத்துவர் பீட்டர் பிளட் அடிமையாக விற்கப்படுகிறார். தப்பிக் கொள்ளையன் ஆகும் அவர், அரபெல்லா என்ற மேட்டுக்குடிப் பெண் தம்மைக் கொள்ளையன் என்று பழித்ததைத் தாங்க முடியாமல் தவிக்கிறார். இறுதியில் ஜமைக்காவின் ஆளுநர் ஆகிறார். 1935-ல் இது திரைப்படமாகவும் வந்தது.

உண்மை வாழ்விலும் இத்தகையோர் இருந்தனர். 1671-ல் பனாமா நகரைச் சூறையாடிய ஹென்றி மார்கன் பின்பு இங்கிலாந்து மன்னரால் சர் பட்டம் பெற்று ஜமைக்காவின் துணை ஆளுநர் ஆனார். சீனக் கடலைக் கலக்கிய செங் சிலுங் 1628-ல் மிங் அரசுப் பணியில் சேர்ந்து கடற்படைத் தலைவர் ஆனார். இவர்கள் மனம் மாறியதைவிட, அவர்களை வெல்ல முடியாத அரசுகள் அவர்களைப் பணிக்கு எடுத்துக்கொண்டன என்பதே சரி.

மறுபக்கமும் உண்டு. மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயை ஆங்கிலேயர் கொள்ளையன் என்றனர். மராட்டியருக்கு அவர் சார்கேல், அதாவது கடற்படைத் தளபதி. 1729-ல் அவர் இறக்கும்வரை கொங்கணக் கரையில் அவரை அடக்க இயலவில்லை. சாண்டில்யன் ஜலதீபம் புதினத்துக்கு அவரையே பின்னணியாகக் கொண்டார். மும்பையில் உள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று இன்று ஆங்கரேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வாசக வரவேற்பு

கடல் புறாவின் பெரும் வாசகர் கூட்டம் கடற்கரையில் மட்டும் இருந்ததன்று. உள்நாட்டு ஊர்ப்பெயர்களில் 'சமுத்திரம்' என்பது பெரும்பாலும் ஏரியைச் சுட்டும். நாமக்கல் மாவட்டத்து மல்லசமுத்திரம் போன்ற ஊர்களில் பெயரில் மட்டுமே கடல் உண்டு; கண்ணுக்கு எட்டுவது மானாவாரி நிலமும் கரடும்தான். இத்தகைய ஊர்களில் வார இதழைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியும், தொடரைக் கிழித்துத் தைத்து வைத்தும் படித்த தலைமுறைக்கு, பாய்மரம், நங்கூரம், சுக்கான், நீரிணை ஆகிய சொற்களை முதலில் அறிமுகம் செய்தவை இத்தகைய தொடர்கதைகளே. கடாரம் என்பது பாடப்புத்தகத்துப் பட்டப்பெயரின் ஒரு பகுதியாக மட்டும் இல்லாமல், மக்கள் வாழும் ஊராக அவர்கள் மனத்தில் பதிந்தது.

அந்த நன்மையோடு ஒரு பிழையும் சேர்ந்து பரவியது. கதாசிரியர் இட்டு நிரப்பிய இடங்களும் வரலாறாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. புதினத்தைப் படிப்பவர் கீழ்க்கண்டவற்றைப் பிரித்து வைத்துக்கொள்வது உதவும்.

வரலாறு: கருணாகரத் தொண்டைமான், வீரராசேந்திரன், முதற் குலோத்துங்கன் ஆகியோர், அடைக்கலம் புகுந்த மன்னனுக்குக் கடாரத்தை மீட்டுத் தந்தமை, கலிங்கப் போர், சுமத்திராவில் தமிழ் வணிகர் இருப்பு, நீரிணையில் கப்பல்கள் வழிமறிக்கப்பட்டமை.

கற்பனை: கருணாகரரின் கொள்ளை வாழ்வு; சீனக் கொள்ளையன் அகூதா; கடல் புறா என்ற கப்பல்; காஞ்சனா தேவி, மஞ்சளழகி ஆகியோரும் அவர்களின் காதலும்.

வரலாறாகவே நிலைத்திருக்கும் இன்னொரு பெயர், காஞ்சியில் விளக்கேற்ற வகை செய்த அழகிய மணவாளனி மண்டையாழ்வார்.